சின்ன ஹாலுக்குப் பேய் பார்க்க வந்தவர்கள்

சினிமாத் தியேட்டர் வேலை என்பது, அடுத்தவர்கள் மூன்று மணி நேரம் சந்தோஷமாக இருப்பதற்காக வாசலில் நின்று வசவு வாங்குகிற வேலை. ஹோட்டல் கல்லாவில் உட்காருகிறவர்கள், துணிக்கடையில் புடவை புடவையாகப் பிரித்துப் போட்டுவிட்டு மடித்து வைக்கிறவர்கள், கரண்டு ஆபீஸில் போன் எடுக்கிறவர்கள் எல்லாரும் என் கட்சிதான். ஆனாலும் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சாம்பாரில் உப்புக் குறைச்சல் என்று ஒருவர் சொன்னால் உப்பைப் போட்டுவிடலாம். படத்தில் பயம் குறைச்சல் என்று ஒருவர் வந்து நின்றால் நான் எதைப் போடுவது?

காரைக்குடியில் இரண்டு ஹால் உள்ள ஒரு தியேட்டரில் நான் மேனேஜர். பேருக்குத்தான் மேனேஜர். டிக்கெட் கவுண்டர், கேன்டீன், ஏசி ரிப்பேர், பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வராதது என்று எல்லாம் என் தலையில்தான் விடியும். பெரிய ஹாலுக்குக் கவலை இல்லை, பெரிய நடிகர்கள் பார்த்துக்கொள்வார்கள். சின்ன ஹால்தான் சவலைப் பிள்ளை. போன ஆடியில் முதலாளி வந்து, தை பிறந்ததும் அதைக் கட்டில் பீரோ ஷோரூமுக்கு விடப் போவதாகச் சொன்னார். அப்படி விட்டால் சின்ன ஹால் ஆப்பரேட்டர் ராசுவும் வாசலில் டிக்கெட் கிழிக்கும் சின்னக்காளை அண்ணனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "பேய்ப் படமாப் போடுவோம் முதலாளி, அதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவரும் தை வரைக்கும் பார்ப்போம் என்றார்.

இத்தனைக்கும் எனக்குப் பேய்ப் படம் ஆகவே ஆகாது. போஸ்டர் ஒட்டும்போதுகூட வேறு பக்கம் திரும்பி நின்றுதான் "கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ" என்று சொல்வேன். அன்றிலிருந்து நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

முகம் காட்டாத பேய்

முதல் வாரமே ஒரு மாப்பிள்ளையும் மச்சானும் இடைவேளையில் கவுண்டருக்கு வந்தார்கள். ஒரே பாப்கார்ன் டப்பாவில் ஆளுக்கு ஒரு கையை விட்டுக்கொண்டு வந்தவர்கள், கருத்தில் மட்டும் கிழக்கும் மேற்குமாக இருந்தார்கள். படத்தில் பேய் அதுவரை ஒரு தடவைகூட முகத்தைக் காட்டவில்லையாம். மச்சானுக்கு அதுதான் பிடித்திருந்தது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு பெரியவுக சும்மாவா சொன்னாக? இருட்டை மட்டும் காட்டுனாப் போதும். மிச்சத்தை நானே நெனைச்சுக்கிருவேன்" என்றார். மாப்பிள்ளைக்கு அது சுத்த ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. திரைச்சீலை ஆடுவதையும் கதவு திறப்பதையும் பார்க்கவா மெனக்கெட்டு வண்டி போட்டுக்கொண்டு வந்தோம் என்று கேட்டார்.

நான் படத்தை எடுத்த ஆளும் இல்லை, அந்தப் பேய்க்குச் சொந்தக்காரியும் இல்லை. ஆனால் தீர்ப்பு நான்தான் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். பின்னால் காபிக்கு வந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. கடைசி ரீலில் காட்டுவார்கள், போய் உட்காருங்கள் என்று கெஞ்சி அனுப்பப் பார்த்தேன். மாப்பிள்ளை போகிற போக்கில் திரும்பி நின்று கேட்டார்:

"கல்யாணத்துக்குப் போயி மொய் எழுதிட்டு, பொண்ணு மொகத்தைப் பாக்காம வர முடியுமா மேனேஜரம்மா?"

காது மிஷின்

ராசுவுக்கு ஒரு கொள்கை உண்டு. பேய்ப் படத்துக்குச் சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டும், அப்போதுதான் சீட்டு நுனியில் உட்காருவார்கள் என்பான். அவன் வைக்கிற சத்தத்துக்குக் கேன்டீனில் டீ கிளாஸ் எல்லாம் தாளம் போடும். குறைக்கச் சொன்னால், "பெறகு பேய் எங்குட்டு இருந்து வருதுன்னே தெரியாதுக்கா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். குறைத்தால் காலேஜ் பையன்கள் சண்டைக்கு வருவார்கள், கூட்டினால் குடும்பஸ்தர்கள் சண்டைக்கு வருவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒரு நாள் மதியக் காட்சியில் வேறு மாதிரிப் புகார் வந்தது. ஹாலே நடுங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் கெக்கெக்கே என்று சிரிக்கிறார், எங்களால் பயப்பட முடியவில்லை என்றார்கள். பயப்பட முடியவில்லை என்று புகார்! டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், வெள்ளை வேட்டி சட்டையில், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே கூப்பிட்டு விசாரித்தேன். சட்டைப் பையிலிருந்து காது மிஷினை எடுத்துக் காட்டினார். சத்தம் தாங்காமல் ஆரம்பத்திலேயே கழற்றி வைத்துவிட்டாராம். அதற்கப்புறம் படம் அவருக்கு வேறு படமாகிவிட்டது. அவர் சொன்னது:

"சத்தத்தை எடுத்துட்டுப் பாருங்கம்மா, பாவமா இருக்கு, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வீடு வீடா எண்ணெய்க்கு அலையுற புள்ளை மாதிரிதான் தெரியுது."

காப்புக் கட்டிய ஊர்

சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து வருகிறோம் என்று ஒரு கிராமத்துக்காரர் சனிக்கிழமைக்கு ஒரு வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சின்ன ஹாலுக்கு ஒரு வரிசை என்பது சாதாரண விஷயமில்லை. ராசுவிடம் சொல்லி ஏசியைக்கூட முன்னாலேயே போட்டு வைத்தேன். அவர் வந்தார். தனியாக வந்தார். ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்களாம். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது, கறி தின்னக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். பேய்ப் படம் பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பூசாரியே சொல்லிவிட்டாராம்.

நான் தலையில் கை வைக்கவும், அவரே ஆறுதலும் சொன்னார். பூசாரி ஒரேயடியாக மறுக்கவில்லையாம். சிரிப்புப் பேயாக இருந்தால் பார்க்கலாம், கழுத்தைக் கடிக்கிற பேய்தான் ஆகாது என்று ஒரு வழி விட்டிருக்கிறாராம். "இது சிரிக்கிற பேயா, கடிக்கிற பேயா? அதைக் கேட்டுட்டு வரச் சொன்னாக" என்றார். நான் அந்தப் படத்தைப் பார்த்தால்தானே? ராசுவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இடைவேளை வரைக்கும் சிரிக்கும், அப்புறம் கடிக்கும் என்றான். அதை அப்படியே சொன்னேன். மனிதர் கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது.

"அப்பச் சரித்தான். முன்பாதியை மட்டும் ஓட்டி நிறுத்திருங்க. காப்பு அவுத்த பெறகு எல்லாருமா வந்து பின்பாதியைப் பாத்துக்கிறோம்."

கத்துவதற்கு ஓர் இடம்

வாரா வாரம் ஒரு பெண் வருவாள். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறவள். அவளுடைய லீவு நாளில் மதியக் காட்சிக்குத் தனியாக வந்து மூலையில் உட்காருவாள். பேய் வந்தால் எல்லாரும் கத்துவார்கள். இவள் பேய் வராவிட்டாலும் கத்துவாள். கதாநாயகி காய் நறுக்குகிற இடத்தில்கூட வீல் என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவர்கள் பேய்க்குப் பயந்ததைவிட இவளுக்குப் பயந்ததுதான் அதிகம். ஒரு அம்மா, எனக்கு ஏற்கெனவே பிரஷர், இதென்ன கூத்து என்று என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

கூப்பிட்டு விட்டேன். எந்தக் காட்சியில்தான் இவ்வளவு பயம் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கும் கேட்டிருக்க வேண்டாம் என்றுதான் பட்டது. பேயாவது, பயமாவது, அவள் பாதி நேரம் திரையையே பார்ப்பதில்லையாம். துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"கடையில சிரிச்ச மொகமா நிக்கணும், வீட்டுல மாமியாவுக்குச் சத்தமே ஆகாது, இங்கன கத்துனா மட்டுந்தான்க்கா ஏன் கத்துறன்னு யாரும் கேக்க மாட்டாக."

கடைசிக் கால் மணி நேரம்

கல்லலில் இருந்து பஸ்ஸில் வருகிற பெரியவர் ஒருவருக்குச் சின்னக்காளை அண்ணன் "முக்கால் படம்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். எந்தப் பேய்ப் படம் போட்டாலும் வந்துவிடுவார். நட்ட நடு வரிசையில், நட்ட நடு சீட்டில்தான் உட்காருவார். முக்கால் படம் கண் கொட்டாமல் பார்ப்பார். கடைசிக் கால் மணி நேரம் இருக்கும்போது, மந்திரவாதி பெட்டியைத் திறந்ததுமே எழுந்துவிடுவார். வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் முழங்காலை மடக்கி வழிவிட வேண்டும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அந்த நேரத்தில் இவருடைய துண்டைத்தான் பார்ப்பார்கள். வசவு வழக்கம் போல என்னிடம் வரும்.

நான் ஒரு நாள் வாசலிலேயே மறித்தேன். "ஐயா, முடிவைப் பாக்கப் பிடிக்கலைன்னா ஓரத்து சீட்டுல உக்காரலாம்ல?" என்றேன். கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. போன வருஷம் அவர் சம்சாரம் தவறிப்போன விஷயத்தை அப்போதுதான் சொன்னார். இப்போதெல்லாம் நானே அவருக்கு ஓரத்து சீட்டாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போயும் எனக்குச் சோறு இறங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னது இதுதான்:

"மத்த படத்துல செத்துப் போனா மாலை போட்டுச் செவத்துல மாட்டிருறாக, இதுல மட்டுந்தான் திரும்பி வீட்டுக்கு வாறாக, வந்தவளைச் சாம்பலை அள்ளி எறிஞ்சு வெரட்டுறதை என்னால பாக்க முடியலத்தா."

பங்காளிகள்

கார்த்திகையில் ஒரு படம் வந்தது. பக்கத்து ஊர்ப் பெரிய வீடு ஒன்றிலேயே எடுத்த படம். கல்யாணத்தன்றைக்கு மணப்பெண் வளவிலேயே, அதாவது வீட்டு நடு முற்றத்திலேயே, செத்து விழுந்து, அந்த வீட்டைவிட்டுப் போக மாட்டேன் என்று பேயாக நிற்கிற கதை. ராசு முதல் காட்சி ஓட்டிவிட்டு, "அக்கா, இது ஓடும். ஓடலைன்னா எம் பேரை மாத்திக்கங்க" என்றான். அதே வாரம் அந்த வீட்டுப் பங்காளிகள் மொத்தமாக வந்து பாதி ஹாலுக்கு டிக்கெட் எடுத்தார்கள். இளையாத்தங்குடிக் கோயிலைக் குலக்கோயிலாகக் கொண்ட குடும்பம். சென்னை, கோயம்புத்தூர் என்று இருக்கிறவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மிச்சப் பாதியும் நிறைந்துவிட்டது. சின்ன ஹாலின் வாசலில் 'ஹவுஸ்ஃபுல்' போர்டை வைக்கத் தேடினால் போர்டையே காணோம். அந்த அளவுக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

படம் ஆரம்பித்ததும் உள்ளே ஐயோ, அம்மா என்று ஒரே அலறல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்து காது கொடுத்தேன். பேய் ஒரு இரும்புப் பெட்டியைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறது. "ஐயையோ, ஆத்தங்குடித் தரைக்கல்லு! கீறல் விழுந்துருமே!" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். பேய் கோடாலியை எடுத்துத் தூணில் ஒரு போடு போட்டது. "அடப்பாவி, பர்மாத் தேக்குடா அது!" என்று இன்னொருவர். பேயை ஒரு ஆளும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பிள்ளை ரத்தம் வழிய முகத்துக்கு நேரே வந்து நின்றபோது, "பின்னால பாருங்க, கூடத்துப் பட்டாலைச் செவத்துல ஓதம் ஏறியிருக்கு" என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். இடைவேளையில், ஷூட்டிங்குக்குச் சாவி கொடுத்தது எந்தப் பங்காளி என்று பஞ்சாயத்து ஆரம்பித்தது. கேன்டீன் முன்னால் நடந்த அந்தச் சண்டையைப் பார்க்கப் பெரிய ஹாலில் இருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பின்பாதியில் அந்த வீட்டு ஆச்சி ஒருவர் மட்டும் வெளியே வந்தார். இத்தனை நாளில் பேய்ப் படம் பார்த்து நிஜமாகவே பயந்துபோய் வெளியே வந்த ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கவுண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து சோடா கொடுத்தேன். தையில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தேவகோட்டை. "தை முடியுற வரைக்கும் இந்தப் படத்தை எடுத்துருங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தையில் கல்யாணம். எனக்குத் தைக்குள் ஹால் நிறைய வேண்டும். நிறைக்கிற படம் இது ஒன்றுதான். என் கஷ்டத்தையும் மறைக்காமல் சொன்னேன். படத்தை எடுக்க முடியாது, ஆனால் சம்பந்தி வீட்டார் வந்தால் டிக்கெட் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றேன். நிச்சயதார்த்தப் போட்டோவை என் போனுக்கு அனுப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அதே வளவுல, அதே தூணுக்குப் பக்கத்துலதாம்மா எம் மகளுக்குக் கழுத்துல திருப்பூட்டப் போறோம், அதைப் பாத்துட்டுச் சம்பந்தியாச்சி எந்த மனசோட எம் பிள்ளைக்கு மாலை எடுத்துக் குடுப்பாக?"

சம்பந்தி வீடு

அன்றிலிருந்து நான் கவுண்டரில் உட்கார்ந்து போலீஸ்காரர் மாதிரி போனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குத்தி போட்ட எந்த ஆச்சி வந்தாலும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திருக்கோஷ்டியூரில் பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே படம் பார்க்க வந்த ஒரு குடும்பத்தைச் சந்தேகத்தில் திருப்பி அனுப்பிவிட்டேன். ஹால் பாதி காலி. அவர்கள் போகும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ராசு தலையில் அடித்துக்கொண்டான். ஹாலை நிறைக்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னவளும் நான்தான், வருகிறவர்களை விரட்டுகிறவளும் நான்தான்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு வந்தார்கள். போட்டோவில் இருந்த அதே மாப்பிள்ளை, அவருடைய அப்பாவான அதே அப்பச்சி, அதே சம்பந்தியாச்சி. கவுண்டருக்கே வரவில்லை. மாப்பிள்ளை போனிலேயே புக் பண்ணிவிட்டார். ஓடிப்போய் மறித்தேன். ஏசி வேலை செய்யவில்லை என்றேன். "கார்த்திகைக் குளிருக்கு ஏசி எதுக்கும்மா?" என்றார் அப்பச்சி. சவுண்டு சரியில்லை என்றேன். அந்த நேரம் பார்த்து ராசு உள்ளே டெஸ்ட் பண்ண, கேன்டீன் டீ கிளாஸ் எல்லாம் ஆடியது. சின்னக்காளை அண்ணன் டிக்கெட்டைச் சரிபார்த்து உள்ளே விட்டுவிட்டார். அவர் என்ன செய்வார், அவர் வேலை அது.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேய்ப் படம் ஓடுகிற ஹாலுக்குள் நானாகப் போனேன். கதவோரம் நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அந்தச் சம்பந்தியாச்சியின் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணக் காட்சி வந்தது. வளவு நிறைய ஜனம், மேளம், மாலை. மணப்பெண் தூணைப் பிடித்தபடி சரிகிறாள். சம்பந்தியாச்சி பட்டென்று எழுந்தார். விறுவிறுவென்று என் பக்கம்தான் வந்தார். போச்சு, ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்தாயிற்று, இந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது என்று எனக்குக் கண் இருட்டியது. என்னையும் வெளியே கூட்டி வந்து கதவைச் சாத்தினார். பெண் வீட்டார் மேல் குற்றமில்லை, சினிமாக்காரர்கள் கட்டிய கதை என்று நான் உளற ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நிச்சயத்தைக் கோயிலில் வைத்துவிட்டதால் பெண் வீட்டை உள்ளே போய் இன்னும் பார்க்கவே இல்லையாம். அதற்குத்தான் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள்.

"அந்தக் கல்யாணக் காட்சியை மட்டும் திருப்பி ஒருக்காப் போடச் சொல்றீகளா? மணவறைக்கும் தூணுக்கும் ஊடே எம்புட்டு எடமிருக்குன்னு பாக்கணும். அந்தப் பேய் குறுக்க குறுக்க வந்து மறைச்சுருச்சு."

முதலாளி வந்தார்

ஆச்சிக்கு உடனே போன் போட்டேன். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. எனக்கும் அப்படித்தான். அதற்கப்புறம் சின்ன ஹாலில் நடந்ததை யாரும் நம்ப மாட்டீர்கள். கல்யாணச் சமையல்காரர் வந்து, பின்கட்டில் அடுப்பு எங்கே போடலாம் என்று பார்த்துவிட்டுப் போனார். பேய் துரத்துகிற காட்சியில் கேமரா பின்கட்டு வரை ஓடுவதால் அவருக்கு ரொம்பத் திருப்தி. மேடை அலங்காரம் பண்ணுகிறவர் ஆட்களோடு வந்தார். பங்காளிகள் எந்தெந்தக் கல் உடைந்திருக்கிறது என்று பார்க்க மறுபடியும் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்கள் பட்டுப்புடவையில் கூட்டம் கூட்டமாக வந்து, மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, வயசானவர்களைக் கீழேயே உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு போனார்கள். பயப்பட ஒரு ஆளில்லை. ஆனால் தொலைந்துபோன போர்டைச் சின்னக்காளை அண்ணன் ஜெனரேட்டர் ரூமில் தேடிக் கண்டுபிடித்து, தினமும் துடைத்து வாசலில் வைத்தார். ராசு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

மார்கழி கடைசியில் முதலாளி வந்தார். மதியக் காட்சி விடுகிற நேரம். மல்லிகைப் பூ வாசத்தோடு ஹாலே வழிந்து வெளியே வந்தது. ஒரு பக்கம் பந்தியைப் பற்றிப் பேச்சு, ஒரு பக்கம் மேளத்தைப் பற்றிப் பேச்சு. முதலாளி வாசலில் நின்று எல்லாரையும் பார்த்தார். காலியான ஹாலுக்குள் போய் நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். ராசு புரொஜெக்டர் ரூம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னக்காளை அண்ணன் டிக்கெட்டுத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம். முதலாளி வாயெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார்:

"நீ சொன்னது சரித்தான் சரசு, இந்த ஹாலுக்கு ராசி இருக்கு, கட்டில் பீரோவெல்லாம் வேணாம், வர்ற சனம் பூராம் கல்யாணத்தைப் பத்தித்தான் பேசுது, சீட்டெல்லாத்தையும் புடுங்கிட்டுக் கல்யாண மண்டபமாப் போட்டுருவோம்."

பேய் பிடித்தால் மந்திரித்துவிட இந்தச் சீமையில் ஊருக்கு ஒரு ஆள் இருக்கிறார். யோசனை பிடித்த முதலாளியை மந்திரித்துவிடத்தான் ஒருத்தரும் இல்லை.